கப்பல் படிப்பு: வகுப்பறை பாதி, கடல் பாதி

சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் இன்டர்மீடியட் தேர்வு முடிவு வந்ததும் எழும் பேச்சு, இஞ்சினீரிங், மருத்துவம் என்ற இரண்டைச் சுற்றியே இருந்து வந்தது. இப்போது மூன்றாவதாகக் கப்பல் படிப்பும் சேர்ந்திருக்கிறது. பையன் கப்பலுக்குப் போவான், டாலரில் சம்பளம் வரும் என்பதற்கு மேல் அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று விசாரிப்பவர் குறைவு.

ரயில்வே, மில், ஹோட்டல், கடை என்று மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பம், ஆண்டுக்கு லட்சக்கணக்கில் செலவாகும் படிப்பில் இறங்குமுன் மூன்று விஷயங்களை அறிந்திருக்க வேண்டும். அங்கே என்ன கற்றுத் தருகிறார்கள்? யார் சேரலாம்? படிப்பு முடிந்தபின் கப்பலில் ஏற்றிக்கொள்வது யார் கையில் இருக்கிறது? மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பலர் அதைக் கடைசியில், பணம் கட்டிய பிறகே கேட்கிறார்கள்.

கடல் தூரமில்லை

திருப்பதி மலையடிவாரத்தில் இருந்துகொண்டு கடலைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமானபோது, சூளூர்ப்பேட்டைப் பக்கத்துக் கடற்கரையும் அதனுடன் சேர்ந்தது. அந்தக் கரையோரமுள்ள துகராஜப்பட்டினம், பழைய ஆவணங்களில் ஆர்மகான் எனப்படுவது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1626-ல் அங்கே பண்டகசாலை வைத்தது. அங்கிருந்து புறப்பட்ட பிரான்சிஸ் டேதான் 1639-ல் சென்னையில் கோட்டைக்கு நிலம் பெற்றார். அப்போது இப்பகுதிக்கு அரசராயிருந்தவர் சந்திரகிரியில் வீற்றிருந்த விஜயநகர வம்சத்தவர்.

அதே துகராஜப்பட்டினத்தில் பெரிய துறைமுகம் அமைப்பதாக 2014-ம் ஆண்டின் ஆந்திரப் பிரிவினைச் சட்டம் உறுதி கூறியது. குறித்த கெடுவான 2018 கடந்தும் துறைமுகம் வரவில்லை. வடக்கே கிருஷ்ணப்பட்டினம் 2008 முதல் நடந்து வருகிறது. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னை என்று மூன்று துறைமுகங்கள் உள்ளன. இவ்வளவு அருகில் துறைமுகங்கள் இருப்பதால் கப்பல் உத்தியோகமும் அருகில் இருப்பதாகக் கொள்வது தவறு. துறைமுக வேலை வேறு. கப்பல் வேலை வேறு. கப்பலுக்கு வேண்டிய கல்வி தனியானது.

டஃபரின் முதல் இன்று வரை

வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது 1906-ல். இந்திய வாலிபர்களைக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்ற ஒழுங்கான ஏற்பாடு அதற்கு 21 ஆண்டுகள் கழித்தே வந்தது. 1927-ல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற 'டஃபரின்' என்ற கப்பலே முதல் பள்ளிக்கூடம். 1972-ல் அதன் இடத்துக்கு 'ராஜேந்திரா' வந்தது. 1993-ல் அது நவி மும்பையில் கரையிலேயே 'சாணக்யா' என்ற நிலையமாயிற்று. கப்பல் இஞ்சினீயர்களுக்கான பயிற்சி 1949-ல் கல்கத்தாவில் வேரூன்றியது.

2008-ல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் ஏற்பட்டு, இத்தகைய அரசு நிலையங்கள் ஒரே குடையின்கீழ் வந்தன. அதன் தலைமையகம் சென்னையில் உள்ளது. மும்பை, கல்கத்தா, கொச்சி, விசாகப்பட்டினம் ஆகிய இடங்களிலும் அதன் வளாகங்கள் இருக்கின்றன. இவை தவிர, அனுமதி பெற்ற தனியார் கல்லூரிகளும் பயிற்சி நிலையங்களும் நாடெங்கும் உள்ளன. தமிழ்நாட்டிலும் அவை பல.

மேல்தளம், இயந்திரம்

வணிகக் கப்பலில் அதிகாரிகள் இரு பிரிவினர். கப்பலைச் செலுத்துவதும் சரக்கைப் பொறுப்பேற்பதும் மேல்தளப் பிரிவு. இதன் உச்சியில் இருப்பவர் காப்டன். இயந்திரத்தை ஓட்டுவது மற்றொரு பிரிவு. இதற்குத் தலைவர் சீஃப் இஞ்சினீயர். சேரும்போதே எந்தப் பிரிவு என்று தீர்மானித்துவிட வேண்டும். பின்னால் மாறுவது எளிதல்ல.

மேல்தளத்துக்குப் போகிறவர் படிப்பது நாட்டிகல் சயன்ஸ். மூன்றாண்டு பி.எஸ்சி. பட்டமாக அதைப் படிக்கலாம். அல்லது ஓராண்டு டிப்ளமோ படித்துவிட்டுக் கடலுக்குப் போய் மற்றதைத் தொடரலாம். கணிதமும் பௌதிகமும் இதற்கு அஸ்திவாரம். வரைபடத்தில் வழி குறிப்பது, காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிடுவது, ராடார் பார்ப்பது, வானிலை அறிவது என்று பாடங்கள் விரியும். சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்து கப்பல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் பழைய வித்தையும் உண்டு. செயற்கைக்கோள் வழிகாட்டும் காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். செங்கடல், கருங்கடல், பாரசீக வளைகுடாப் பகுதிகளில் அண்மை ஆண்டுகளில் ஜி.பி.எஸ். சமிக்ஞைகள் வேண்டுமென்றே குழப்பப்படுகின்றன. அப்போது கருவி பொய் சொல்லும். நட்சத்திரம் பொய் சொல்லாது.

1972-ல் வகுத்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகளை மாணவர் மனப்பாடமாகவே அறிந்திருக்க வேண்டும். நம் சாலையில் இடப்பக்கம் போகிறோம். கடலில் நேருக்கு நேர் வரும் இரண்டு இயந்திரக் கப்பல்களும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இரவில் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எதிரே தெரியும் விளக்கின் நிறத்தை வைத்தே அந்தக் கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று கணிக்க வேண்டும். நிறக்குருடு உள்ளவரைச் சேர்த்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுவே.

சரக்கு ஏற்றும் கலையும் பெரிய பாடம். பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கி நடந்தவருக்கு, நீர் தளும்பினால் குடம் எப்படிக் கையை இழுக்கும் என்பது தெரியும். கப்பலின் தொட்டிகளில் பாதி நிரம்பிய எண்ணெயும் தண்ணீரும் அப்படியே கப்பலை இழுக்கும். எந்தத் தொட்டியில் எவ்வளவு, எந்தக் கண்டெய்னர் கீழே, எது மேலே என்று கணக்கிடத் தவறினால் கப்பல் சாயும். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல் 640 கண்டெய்னர்களுடன் ஒரு பக்கம் சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. அதிலிருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். ஆனால் கண்டெய்னர்களும் பிளாஸ்டிக் குருணைகளும் கேரளக் கரையில் ஒதுங்கி, மீனவர் பிழைப்பைக் கெடுத்தன. வகுப்பறைக் கணக்கு கடலில் எவ்வளவு பெரியது என்பதற்கு இது போதும்.

நீருக்கடியில் ஒரு தொழிற்சாலை

இயந்திரப் பிரிவுக்கு நான்காண்டு பி.டெக். மெரைன் இஞ்சினீரிங் உண்டு. மெக்கானிகல் பட்டம் பெற்றவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சியும் இருக்கிறது. கப்பலின் பிரதான டீசல் எஞ்சின் பல மாடி உயரம். பெரிய கப்பல்களில் அது நிமிடத்துக்கு நூறு சுற்று அளவிலேயே மெதுவாகச் சுழன்று, விசிறியை நேரடியாகத் திருப்புகிறது. அது எரிக்கும் கனரக எண்ணெய் தார் போன்றது. அதைச் சூடாக்கி, சுத்தம் செய்து, பிறகே செலுத்த வேண்டும். இதனுடன் கொதிகலன், ஜெனரேட்டர், குளிர்சாதனம், கடல்நீரைக் குடிநீராக்கும் சாதனம், சுக்கான் இயந்திரம் எல்லாவற்றையும் படிக்க வேண்டும். நடுக்கடலில் ஒர்க்‌ஷாப் கிடையாது. ஆகவே லேத், வெல்டிங், பிட்டர் வேலைகளைக் கையால் செய்து பழக வேண்டும்.

ஏட்டு வேலையும் இதில் உண்டு. எண்ணெய் கலந்த கழிவுநீரைச் சுத்திகரித்து, பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாத நிலையில்தான் கடலில் விடலாம் என்பது சர்வதேச விதி. ஒவ்வொரு தடவையும் அதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பொய்க் கணக்கு எழுதிய கப்பல் இஞ்சினீயர்கள் அமெரிக்க நீதிமன்றங்களில் தண்டனை பெற்றிருக்கிறார்கள்.

2024 மார்ச் 26 விடியற்காலை, அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து புறப்பட்ட 'டாலி' என்ற கப்பலில் மின்சாரம் அறுந்தது. கட்டுப்பாடிழந்த கப்பல் பெரிய பாலத்தில் மோதி, பாலமே சரிந்தது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளிகள் மாண்டனர். கப்பலில் இருந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் இந்தியர்கள். அவர்கள் உடனே அபாயச் செய்தி அனுப்பியதால் போலீசார் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்த முடிந்தது; பல உயிர்கள் தப்பின. ஒரு கம்பியில் ஒட்டிய பெயர்ச்சீட்டு தடுத்ததால் கம்பி அதன் இணைப்பில் முழுதாகப் பொருந்தவில்லை, அதுவே மூலகாரணம் என்று அமெரிக்க விசாரணைக் குழு 2025 நவம்பரில் கூறியது. ஒரு சிறு இணைப்பைச் சரிபார்ப்பதும் இஞ்சினீயர் படிப்பின் பகுதியே.

எல்லோருக்கும் பொதுவான பாடம்

எந்தப் பிரிவானாலும், கப்பல் ஏறுமுன் உயிர்காப்புப் பயிற்சிகள் கட்டாயம். தீயணைப்பு, படகிறக்கிக் கடலில் உயிர் தப்புதல், முதலுதவி, கப்பல் பாதுகாப்பு ஆகியவை அவை. 1978-ல் ஏற்பட்டு, 1995-லும் 2010-லும் திருத்தப்பட்ட சர்வதேச ஒப்பந்தம் ஒன்று இவற்றை விதிக்கிறது. ஆகவே இந்தியாவில் பெற்ற சான்றிதழ் உலகெங்கும் செல்லும். மூடிய தொட்டிக்குள் காற்றைச் சோதிக்காமல் இறங்கக் கூடாது என்பது இதில் உயிரான பாடம். ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்கக் குதித்தவரும் சாவது கப்பல்களில் திரும்பத் திரும்ப நடந்த விபத்து. நம்மூர்ச் சாக்கடைக் குழிகளிலும் அதுவே நடக்கிறது.

பெண்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. கேரளத்தைச் சேர்ந்த காப்டன் ராதிகா மேனன், 2015 ஜூனில் வங்கக் கடல் புயலில் தத்தளித்த 'துர்க்கம்மா' என்ற மீன்பிடிப் படகிலிருந்து ஏழு பேரைக் காப்பாற்றினார். படகு ஆந்திராவின் காக்கிநாடாவைச் சேர்ந்தது. அதற்காக 2016-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீரப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

கப்பலில் போக விரும்பாதவருக்கும் படிப்பு உண்டு. விசாகப்பட்டின வளாகம் கப்பல் வடிவமைப்புக்குப் பேர்பெற்றது. துறைமுக நிர்வாகம், சரக்குப் போக்குவரத்து நிர்வாகம் ஆகியவற்றில் எம்.பி.ஏ. இருக்கிறது. பத்தாம் வகுப்புடன் நிற்பவருக்கு ஜி.பி. ரேட்டிங் என்ற ஆறு மாதப் பயிற்சி உண்டு. கயிறு கட்டுவது, துரு தட்டிப் பெயின்ட் அடிப்பது, சுக்கான் பிடிப்பது, இயந்திர அறையில் உதவுவது அதில் பாடங்கள். ரயில்வேயின் கலாசி வேலையைப் போன்றது என்றால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும்.

யார் சேரலாம்?

அதிகாரிப் படிப்புகளுக்கு இன்டர்மீடியட்டில் எம்.பி.சி. குரூப், அதாவது கணிதம், பௌதிகம், ரசாயனம் வேண்டும். இம்மூன்றிலும் சராசரி 60 சதவீதமும், ஆங்கிலத்தில் 50 சதவீதமும் பொதுவான தகுதி. ஆந்திர இஞ்சினீரிங் நுழைவுத் தேர்வின் ராங்க் இதற்குச் செல்லாது. பல்கலைக்கழகம் தானே அகில இந்திய நுழைவுத் தேர்வு நடத்துகிறது. வினாத்தாள் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியிலோ தெலுங்கு வழியிலோ படித்தவர் ஓராண்டு முன்பே ஆங்கிலத்தில் உழைக்கத் தொடங்குவது நல்லது.

மேல்தளப் பிரிவுக்குக் கண்ணாடி இல்லாமலே முழுப்பார்வை வேண்டும். இயந்திரப் பிரிவில் ஓரளவு கண்ணாடி அனுமதிக்கப்படுகிறது. பணம் கட்டிச் சேர்ந்தபின் மருத்துவச் சோதனையில் தோற்பதைவிட, டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த டாக்டரிடம் முதலிலேயே காட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

இங்குள்ள தமிழருக்கு ஒரு சாதகம் உண்டு. தமிழ்நாட்டுக் கல்லூரி என்றாலே, நாம் அந்த மாநிலத்தார் அல்ல என்ற தடை குறுக்கே நிற்கும். இந்தப் பல்கலைக்கழகம் மத்திய அரசினுடையது. சென்னை வளாகத்தில் சித்தூர் மாணவரும் மதுரை மாணவரும் ஒன்றே. ஆனால் பிற்பட்டோர் சலுகை கோருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்தியப் பட்டியல் மாநிலவாரியாக உள்ளது. தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள சாதி ஆந்திரப் பட்டியலில் இல்லாமல் போகலாம். எந்த மாநிலச் சான்றிதழ் செல்லும் என்பதைத் தாசில்தார் ஆபீசில் முன்கூட்டியே தெளிவு செய்துகொள்ள வேண்டும்.

முடிச்சு எங்கே?

ரயில்வேயில் அஸிஸ்டென்ட் லோகோ பைலட்டாகத் தேர்வாகிறவரை நிர்வாகம் முதலில் எடுத்துக்கொள்கிறது. பிறகு தன் செலவில் பயிற்சி தருகிறது. கப்பலில் பெரும்பாலோருக்கு இது தலைகீழ். முதலில் சொந்தச் செலவில் பயிற்சி. பிறகு உத்தியோகம் தேடல். அரசுப் பல்கலைக்கழகத்திலேயே ஆண்டுக் கட்டணம் இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகிறது.

பட்டம் கையில் வந்ததும் ஒருவர் அதிகாரியாகிவிடுவதில்லை. அதிகாரியாக்குவது அரசு தரும் தகுதிச் சான்றிதழ். அந்தத் தேர்வுக்கு உட்காரக் கடல் அனுபவம் வேண்டும். பி.எஸ்சி. நாட்டிகல் மாணவருக்கு 12 மாதம். டிப்ளமோ மாணவருக்கு 18 மாதம். மெரைன் இஞ்சினீயருக்கு 6 மாதம். இந்தக் காலத்துக்குப் பயிற்சியாளராக ஏற்றிக்கொள்ள ஒரு கம்பெனி முன்வர வேண்டும். முன்வராவிட்டால் பட்டம் பெட்டியில் கிடக்கும்.

அதிகாரிகளுக்கு உலகில் பஞ்சம் என்கிறார்களே என்று கேட்கலாம். அதுவும் உண்மையே. 2026-க்குள் மேலும் 89,510 அதிகாரிகள் தேவைப்படுவார்கள் என்று கப்பல் முதலாளிகளின் சர்வதேசச் சங்கங்கள் 2021-ல் மதிப்பிட்டன. ஆனால் அந்தப் பஞ்சம் சான்றிதழும் அனுபவமும் உள்ளவர்களுக்கு. பயிற்சி மாணவருக்கு அல்ல. கப்பலில் அறைகளும் உயிர்ப்படகில் இடங்களும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. மாணவரை ஏற்றுவது கம்பெனிக்குச் செலவு.

இந்தியாவுக்கு இதில் தனிச் சிக்கலும் உண்டு. நம் கடலோடிகள் 3 லட்சத்துக்கு மேல், உலகக் கடலோடிகளில் 12 சதவீதம் என்று மத்திய அரசு கூறுகிறது. ஆனால் இந்தியக் கொடி பறக்கும் கப்பல்களின் பங்கு, உலகக் கொள்ளளவில் சுமார் 1 சதவீதமே. டன்னேஜ் வரிச் சலுகை பெறும் இந்தியக் கம்பெனிகள் பயிற்சியாளர்களை ஏற்றாக வேண்டும் என்று 2004 முதல் விதி இருக்கிறது. கப்பலே குறைவாயிருக்க, விதி எத்தனை பேரை ஏற்றும்? மற்றவர்களுக்கு அன்னியக் கப்பல் முதலாளிகளின் கருணையே வழி. கல்லூரிகளைப் பெருக்கிய வேகத்தில் கப்பல்கள் பெருகவில்லை என்பதே நோயின் மூலம்.

இந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் புகுகிறார்கள். கப்பலில் ஏற்றிவிடுவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். வேலை தருவதற்குக் கடலோடியிடம் பணம் வாங்குவது சட்டப்படி குற்றம். ஆள் எடுக்கும் ஏஜென்சிக்கு டி.ஜி. ஷிப்பிங் தரும் லைசென்ஸ் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். லைசென்ஸ் இல்லாதவர் மூலம் போனால், சம்பளமும் சாப்பாடும் இன்றி அன்னியத் துறைமுகத்தில் கைவிடப்படும் அபாயம் உண்டு. 2024-ல் உலகில் 312 கப்பல்கள் இவ்வாறு கைவிடப்பட்டன என்றும், அவற்றில் சிக்கிய 3,133 பேரில் 899 பேர் இந்தியர்கள் என்றும் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்கிட்டது. எந்த நாட்டாரையும்விட இந்தியர்களே அதிகம்.

கேட்க வேண்டியவை

பெற்றோர் கல்லூரி ஆபீசில் சில கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதில் பெற வேண்டும். இந்தப் படிப்புக்கு டி.ஜி. ஷிப்பிங் அனுமதி இந்த ஆண்டு வரை உண்டா? சென்ற மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் படித்து முடித்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குள் கப்பல் ஏறினார்கள்? எந்தக் கம்பெனிக் கப்பல்களில்? "நூறு சதவீத வேலை" என்று நோட்டீஸில் அச்சிட்டிருப்பது பதிலாகாது. சேருமுன்பே கப்பல் கம்பெனியின் ஸ்பான்சர் கடிதம் கையில் இருந்தால் அதுவே எல்லாவற்றிலும் பத்திரமான வழி.

வருமானக் கணக்கிலும் தெளிவு வேண்டும். கப்பல் சம்பளம் பெரும்பாலும் ஒப்பந்த மாதங்களுக்கு மட்டுமே. வீட்டில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் இராது. மறு ஒப்பந்தம் எப்போது என்பதும் நிச்சயமில்லை. பாங்கிக் கடனின் தவணையோ மாதம் தவறாமல் வரும்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர்களில் எத்தனை பேரைக் கப்பலேற்றியது என்ற எண்ணிக்கையை, சேர்க்கை காலத்துக்கு முன் டி.ஜி. ஷிப்பிங்கே ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வெளியிடலாம். அதைக் கண்டு பெற்றோர் தாமே தீர்மானித்துக்கொள்வார்கள்.

நல்ல கண், நல்ல உடல், கணிதத்தில் பிடிப்பு, மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கும் மனம், கூடவே ஏற்றிக்கொள்ள ஒரு கப்பல், இவை அமைந்த பிள்ளைக்கு இது உயர்ந்த தொழில். சித்தூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய் ஒரே நாளில் திரும்பலாம். அட்வான்ஸ் கட்டுமுன் அந்த ஒரு நாளைச் செலவிட்டு, பல்கலைக்கழக வளாகத்தையும், கப்பலேறிவந்த பழைய மாணவர் ஒருவரையாவது நேரில் கண்டு வருவது எந்தக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும் செலவே.